நிறுத்திய வரி

எஃப் எழுத்தின் மேல் இருக்கும் சின்ன மேடுதான் முதலில் காணாமல் போனது.

கணினியின் விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரண்டு எழுத்துகளின் மேலும் மெல்லிய கோடு போல ஒரு மேடு இருக்கும். கண் தெரிந்தவர்களில் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். எனக்கு அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. இரண்டு சுட்டுவிரல்களும் அங்கே போய் உட்கார்ந்தால்தான் மற்ற விரல்கள் தங்கள் இடத்துக்குப் போகும். அன்று காலை விரலால் எவ்வளவு தடவியும் அந்த மேடு தட்டுப்படவில்லை. தேய்ந்துவிட்டது என்று நினைத்து என் கணவரைக் கூப்பிட்டேன்.

அவர் தொட்டுப் பார்த்தார். "இஞ்ச தானே கெடக்கு, லலிதே. நல்லா முட்டுதே."

அவர் பெயர் நீலகண்டன். உதியன்குளங்கரையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றும் வேலை. விரலால் தொட்டே கம்பியின் கனம் சொல்லுகிறவர். அவர் இருக்கிறது என்று சொன்னால் இருக்கும். அப்படியானால் குறை என் விரலில்தான்.

நான் நெய்யாற்றின்கரையில் வக்கீல். விழித்திரை நோயால் இருபத்தைந்து வயதுக்குள் பார்வை முழுதாகப் போய்விட்டது. கணினியில் உள்ளதைக் குரலாக வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் பதினெட்டு வருடங்களாகத் தொழில் செய்கிறேன். கண் தெரியாத ஒருவருக்கு, விரல் மரப்பில் தொடங்கும் இந்த நோயும் வந்தால் என்ன ஆகும் என்று படுக்கையில் கிடந்தபோது தேடச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இனி யாராவது தேடினால் இதாவது கிடைக்கட்டும் என்று எழுதுகிறேன்.

விரல்நுனியில் தொடங்கிய மரத்தல் மாலைக்குள் பாதங்களுக்கும் வந்தது. நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் கிணற்றடி வரை போயிருந்தேன். மறுநாள் கோர்ட்டின் மூன்று படிகளை ஏற முடியவில்லை. அதற்கு மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலி இல்லை. கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். தட்டினால் கால் தானாக உதற வேண்டும். அது சும்மா கிடந்தது. இரண்டு வாரத்துக்கு முன் வயிற்றுப்போக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. உடனே ஆம்புலன்ஸ் வரவழைத்து எங்களைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்.

அங்கே இரண்டு பரிசோதனைகள். ஒன்றில், கைகால்களில் அங்கங்கே சிறு ஷாக் கொடுத்து அது நரம்பு வழியாக எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். இன்னொன்றில், என்னைச் சுருண்டு படுக்கச் சொல்லி முதுகெலும்புக்கு நடுவே ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். நரம்பு டாக்டர் ஒரு மலையாளி அம்மா. என் அருகில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். ஜி.பி.எஸ். என்பது நோயின் சுருக்கப் பெயர். வயிற்றில் வந்த கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் காவல், கிருமி போன பிறகும் நிற்காமல், ஆள் தெரியாமல் நம் நரம்பின் மேலுறையையே அரிக்கத் தொடங்கிவிடுகிறது. செய்தி போய்ச் சேராததால் தசை அசையாது.

பக்கத்தில் நின்ற என் கணவர் கேட்டார். "இன்சுலேஷன் போச்சு. உள்ள செம்பு அப்படியே உண்டு. அதாக்கும் இல்லியா டாக்டரே?"

டாக்டர் சிரித்துவிட்டார். தான் இதுவரை சொன்ன எல்லா விளக்கத்தையும்விட அது நன்றாக இருக்கிறது என்றார். "பேடிக்கண்டா லலிதா, பயப்பட வேண்டாம். உறை திரும்ப வளரும். ஆனால் அது வளருகிற வரை நாம் காத்திருக்க வேண்டும்."

எவ்வளவு நாள் என்று கேட்டேன். வாரங்களாக இருக்கலாம், மாதங்களாக இருக்கலாம் என்றார். அதற்கு முன் நோய் இன்னும் சில நாள் ஏறும், எதுவரை ஏறும் என்று சொல்ல முடியாது, மூச்சை எட்டினால் குழாய் போட வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஐ.சி.யு.வில் ஐந்து நாள் கையில் மருந்து ஏறியது. பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நல்ல காவல் புரதங்கள், என் உடம்பின் கெட்ட காவலை அடக்க. தினமும் நான்கு முறை டாக்டரோ நர்ஸோ வந்து, மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். மூச்சுத் தசையில் எவ்வளவு பலம் மிச்சம் என்று அறிய அதுதான் எளிய வழி. முதல் நாள் முப்பத்தொன்று வரை போனேன். மறுநாள் இருபத்திநாலு. மூன்றாம் நாள் பதினெட்டு. நான்காம் நாள் காலையில் பதினாறில் நின்றது. அப்போது நர்ஸ் நகர்ந்து போய்த் தள்ளி நின்று போனில் பேசியது காதில் விழுந்தது. அன்று நாள் முழுவதும், யாரும் கேட்காதபோதும் மூச்சிழுத்து எண்ணிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஐ.சி.யு.வில் எனக்கு மட்டும் இன்னொரு கஷ்டம். திடீரென்று ஒரு கை வந்து என் கையைத் தூக்கும். இன்னொன்று வாயைத் திறக்கும். யார், எதற்கு என்று தெரியாது. முகத் தசையும் தளர்ந்து பேச்சு குழறியதால் கேட்கவும் முடியவில்லை. என் கணவர் பார்க்க வந்தபோது மெல்ல மெல்லச் சொல்லிப் புரியவைத்தேன். அவர் நர்ஸிடம் பேப்பர் வாங்கி மலையாளத்தில் எழுதித் தலைமாட்டில் ஒட்டினார்: 'இவருக்குக் கண் தெரியாது. தொடுவதற்கு முன் பேரைச் சொல்லவும்.' அன்று மாலையிலிருந்து "ஞான் பிந்துவாணே, மருந்நு தரான் வந்நதா" என்பதுபோல் ஒவ்வொருவரும் தங்கள் பேரையும் வந்த வேலையையும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இமை முழுதாக மூடாததால் அந்த பிந்துதான் கண்ணில் சொட்டு மருந்து விடுவாள். பார்க்காத கண்ணுக்கு எதற்கு என்று ஒருமுறை குழறிக் குழறிக் கேட்டேன். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கண் வறளக் கூடாது என்றாள்.

எண்ணிக்கை பதினாறுக்குக் கீழே போகவில்லை. இரண்டு நாள் அங்கேயே நின்றது. பிறகு ஒருநாள் பத்தொன்பது வந்தது. டாக்டர் என் தோளைத் தட்டினார், முதலில் பேரைச் சொல்லிவிட்டு.

அறைக்கு மாற்றியபோது மூச்சு என்னுடையதாக இருந்தது. கைகள் இல்லை. தோளை அசைக்க முடிந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு ஈரத் துணிகள் தொங்கின.

அப்போதுதான் என் கட்சிக்காரி தங்கம்மை பார்க்க வந்தாள். ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர்த் தோட்டச் சரிவின் மேல் அவள் வீடு. அவள் வீட்டுக்குப் போகும் வழி பக்கத்துத் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருந்தது. அந்தத் தோட்டக்காரர் அங்கே மதில் கட்டிவிட்டார். அவள் கணவருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாற்காலியில் வைத்து இரண்டு பேர் வரப்பு வழியாகச் சுமந்து இறக்க வேண்டும். அப்படி ஒரு வழியே இருந்ததாகத் தெரியவில்லை என்று கீழ்க்கோர்ட் தள்ளிவிட்டது. அப்பீலுக்குத்தான் என்னிடம் வந்தாள். வழக்குக்கட்டு நானூற்று எண்பத்தாறு பக்கம். நூற்றெழுபதாம் பக்கத்தில் இருந்தபோதுதான் என் விரல் மரத்தது.

தங்கம்மை என் காலைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். "கேஸு போனா போட்டு, வக்கீலம்மா. நீங்க எணீச்சு வரணும். நாங்க வரப்பு வழி சுமந்து பழகியாச்சு."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவள் போனதும் என் தோழி வக்கீல் ஸ்ரீதேவியைப் போனில் கூப்பிடச் சொன்னேன்.

ஸ்ரீதேவி மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். "லலிதே, ஆர்க்யூமென்ட் ஞான் செய்யறேன். ஆனா ஜட்ஜ் இனி வாய்தா தரமாட்டார், மத்தியவேனல் அவதிக்கு, கோடை லீவுக்கு முன்னாடி முடிக்கணும்னு சொல்லியாச்சு. பத்தொன்பது நாள் உண்டு. கட்டு முழுசும் படிக்க எனக்கு நேரமில்லை. எந்தப் பக்கம், எந்த வரின்னு நீ தந்தா நான் நின்னு பேசுவேன்."

எந்த வரி. அதுதான் எனக்கு எப்போதும் பெரிய பாடு.

கண்ணால் படிப்பவர் ஒரு வழக்குக்கட்டில் நூறு விதமாக இடம் பிடித்து வைப்பார். பக்கத்தை மடிப்பார், பென்சிலால் கோடிடுவார், 'அந்த வலப்பக்கம் மேலே' என்று நினைவு வைப்பார். எனக்கு மேலும் இல்லை, வலமும் இல்லை. ஒரு வரி குரலாக வரும், போகும். அடுத்த வரி வந்தால் முந்தியது இல்லை. நடுவில் ஒரு போன் வந்தால், தவறான விசை பட்டால், திரும்பி வரும்போது குரல் மறுபடி முதல் பக்கத்தில் நிற்கும். அச்சிட்ட புத்தகமாகத் தயாரித்த கோப்பு என்றால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். வழக்குக்கட்டு அப்படியல்ல. பழைய தாள்களைப் படமெடுத்து எழுத்தாக மாற்றிய கோப்பு, தலைப்பே இல்லாத வெட்டவெளி. அதனால் நான் நிறுத்தும் இடத்தில் எல்லாம் 'ழழழ' என்று தட்டிவைப்பேன். மலையாளமும் இங்கிலீஷும் கலந்த கட்டில் தமிழ் ழகரம் மூன்று சேர்ந்து வேறெங்கும் வராது. அதைத் தேடினால் நேரே அங்கே போய் நிற்கும். தட்டுவதற்கு விரல் வேண்டும். சொல்லி எழுதவைக்கலாம் என்றால் என் குழறலைப் போன் புரிந்துகொள்ளவில்லை.

"எனக்க விரல் சும்மா தானே இருக்கு," என்றார் என் கணவர். என் அக்கா திருப்புறத்திலிருந்து தினமும் கொடுத்தனுப்பிய கஞ்சியையும் பயறையும் எனக்கு ஊட்டி முடித்துவிட்டு, மடிக்கணினியைக் கட்டிலுக்குக் குறுக்கே போட்ட பலகையில் வைத்தார்.

நான் கேட்கும் வேகத்தில் குரல் ஓடியதும் திடுக்கிட்டார். "இது என்ன, மிக்சி ஓடுத மாதிரி! இதுல ஆளு பேசுதானா?"

"எனக்குப் புரியும் அத்தான்."

"எனக்குப் புரியாண்டாமா? எங்க நிறுத்தணும்னு எனக்கு எப்படி தெரியும்?"

வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு நாளில் முடியும் வேலை ஒரு வாரமாகும். கீழ்நோக்கிய அம்பு விசையை அமுக்கினால் அடுத்த வரி, கன்ட்ரோல் அமுக்கினால் நிற்கும் என்று இரண்டை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மதியங்கள் நன்றாகப் போயின. ழகரம் தட்டுவதற்கு மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை. பள்ளியில் மலையாளம் படித்தவர். விசைப்பலகை மொழியை மாற்றப் போய் ஒவ்வொரு முறையும் எங்காவது மாட்டிக்கொள்வார்.

மூன்றாம் நாள் அப்படி மாட்டிக்கொண்டபோது கோப்பு மூடிப் போயிற்று. திரும்பத் திறந்தால் முதல் பக்கம். நாங்கள் இருந்தது இருநூற்றுப் பதினான்கில்.

"ஒரு விசையை ஒழுங்கா அமுக்கத் தெரியாதா? கம்பி சுத்துற கைதானே!" என்று கத்திவிட்டேன். குழறலிலும் அது தெளிவாக வந்தது.

அவர் எழுந்தார். நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்திக்கொண்டது.

போகும்போது கை பட்டதோ என்னவோ, குரல் தொடர்வாசிப்பில் ஓடத் தொடங்கியது. கோர்ட்டின் பெயர், அப்பீல் எண், வாதியின் பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர். நிறுத்த ஒரு விசை போதும். ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தோளை உந்திப் பார்த்தேன், கை சரிந்து பக்கத்தில் விழுந்தது. குரல் தன் பாட்டுக்குப் பிரமாணப் பத்திரத்தை வாசித்தது. அழைப்பு மணியை அமுக்கவும் முடியாது. நர்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தேன், குழறல் கதவைத் தாண்டவில்லை. தங்கம்மையின் மனு முழுவதையும், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்ததை, முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டு கிடந்தேன். நோய் வந்த பிறகு நான் அழுதது அன்றுதான். மூச்சு பதினாறில் நின்றபோதுகூட அழவில்லை.

அரைமணி நேரம் கழித்து அவர் வந்தார். குரலை நிறுத்தினார். என் முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"கோவத்துல தான் எறங்கிப் போனேன், பொய் சொல்லல்ல. கீழ ஒரு கடையில நோட்டு தொங்கிச்சு. வாங்கினேன்." பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "உனக்க ழகர எழுத்தெல்லாம் எனக்கு வழங்கி வராது, லலிதே. எங்க நிறுத்துதோமோ அந்த வரிய அப்படியே நான் இதுல எழுதுதேன். பக்க நம்பரும் போடுதேன். யாரு பேசுத இடம்னும் எழுதுதேன். போதுமா?"

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அத்தான்."

"செரி, அதையும் எழுதட்டா?" என்றார். இருவரும் சிரித்தோம். என் சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது என்று பிறகு சொன்னார்.

அதன் பிறகு வேலை ஓடியது. நிறுத்தும்போதெல்லாம் எழுதுவார், தொடங்கும்போது எழுதியதை வாசிப்பார். நடுவில் டாக்டர் வந்தாலும், பிசியோதெரபிக்காரர் வந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாலும், போன் வந்தாலும், இடம் எங்கும் போகவில்லை. இரண்டு நாளில் அவர் நிறுத்துவதற்காக மட்டும் கேட்கவில்லை, வழக்கையே கேட்கிறார் என்று தெரிந்தது. சாட்சிகளைத் திட்டத் தொடங்கியிருந்தார்.

முந்நூற்று முப்பத்தெட்டாம் பக்கம், தோட்டக்காரரின் மைத்துனர் சாட்சி சொல்லும் இடம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தோட்டக்காரரின் தாயார் இறந்ததைப் பற்றிக் குறுக்கு விசாரணை. உறவு எப்படி, யாரெல்லாம் வந்தார்கள் என்று போகிறது. எனக்கு அது வெறும் குடும்பக்கதை. அடுத்த வரிக்குப் போகச் சொன்னேன்.

அவர் அமுக்கவில்லை.

"நில்லு. சவப்பெட்டிய ரோட்டுல எறக்கி மேக்குப் பக்கம் வழி சுமந்து கொண்டு போனதா சொல்லுதான் பாத்தியா? தங்கம்மைக்க அடுக்களை பக்கம் வழி."

"ஆமா. அதுக்கென்ன?"

"மேக்குப் பக்கம் மதிலு உண்டு, அப்பன் காலத்துலயிருந்து உண்டு, ஒரு கோழி கடக்காதுன்னு தோட்டக்காரன் சொன்னானே. பின்ன பெட்டி எந்த வழியாக்கும் போச்சு? பறந்தா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மரத்துப்போன உடம்பு சிலிர்க்குமா என்று கேட்காதீர்கள், சிலிர்த்தது. மதில் ஐம்பது வருடமாக அங்கே நிற்கிறது என்பதுதான் எதிர்த்தரப்பின் முழு வாதமும். அவர்களுடைய சொந்தச் சாட்சியே அந்த மதில் இல்லாத நாள் ஒன்றைச் சொல்லிவிட்டிருக்கிறார். கீழ்க்கோர்ட்டில் யாரும் கவனிக்கவில்லை. என் மிக்சி வேகத்தில் நானும் தாண்டியிருப்பேன்.

"தோட்டக்காரர் சொன்ன இடம் எது? எந்தப் பக்கம்?"

நோட்டுத் தாள்கள் புரண்டன. "இருநூற்றி அறுபத்தி மூணு. அன்னைக்கு அதுல தான் நிறுத்தினோம், நீ சாப்பிடதுக்கு. 'மதில் எனக்க அப்பன் கட்டியது, அதன்பின் அவ்வழி யாரும் கடந்ததில்லை.' வரி அப்படியே எழுதியிருக்கேன்."

அன்று மாலையே ஸ்ரீதேவிக்கு இரண்டு பக்கங்களையும் சொன்னோம். மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். பிறகு, "இது யாரு கண்டுபிடிச்சது?" என்றாள்.

"வைண்டிங் கடைக்காரர்," என்றேன்.

மீதிக் கட்டையும் முடித்தோம். வாதம் நடந்த அன்று எனக்குத் தோள் பலமாகி, முழங்கை மடங்கத் தொடங்கியிருந்தது. ஜி.பி.எஸ். போகும்போது மேலிருந்து கீழாகப் போகும். தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். ஏழாவது வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். தட்டிலிருந்து சோற்றை நானே அள்ளி வாய்க்குக் கொண்டுபோக மேலும் மூன்று வாரம் ஆயிற்று. பாதி மடியில் விழுந்தது. மீதி ருசியாக இருந்தது. பாதங்களில் இன்னமும் மணல் மேல் நிற்பதுபோல் ஒரு உணர்வு உண்டு. அது போகலாம், போகாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

என் கணவர் கடையைத் திறக்காமல் இருந்த நாட்களில் வேலை குவிந்துபோயிருந்தது. நான் தனியாக இருக்கலாம் என்று ஆன முதல் திங்கட்கிழமை கடைக்குப் போனார். அன்று பத்துமணிக்கு ஸ்ரீதேவி கூப்பிட்டாள். தீர்ப்பு வந்துவிட்டது. அப்பீல் அனுமதிக்கப்பட்டது, மதிலை எடுக்க வேண்டும், தங்கம்மைக்கு வழி உண்டு. நாற்பது பக்கத் தீர்ப்பை அனுப்பியும் வைத்தாள். தங்கம்மையிடம் சொன்னேன். உடனே போனை அவள் கணவர் காதில் வைத்துவிட்டாள். மறுபடி சொன்னேன். அவருக்குப் பேச்சு வராது. மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு மேசை முன் உட்கார்ந்து, வளையாத சுட்டுவிரலின் மூட்டால் அம்பு விசையை அமுக்கினேன். வரி வந்தது. பத்து வரிக்கு ஒருமுறை கையை மடியில் போட்டு இளைப்பாற வேண்டியிருந்தது. ஆனாலும் நானே அமுக்கினேன். வழக்கின் வரலாறு, கீழ்க்கோர்ட் சொன்னது, இரு தரப்பு வாதம் என்று போய், முப்பத்தொன்றாம் பத்தியில் மைத்துனரின் சாட்சியம் தொடங்கும்போது போன் அடித்தது. கடையிலிருந்து அவர்.

"ஸ்ரீதேவி வக்கீல் எனக்கிட்டயும் சொல்லியாச்சு. நீ அத வாசிச்சிட்டு இருக்கியா?"

"இருக்கேன்."

"பெட்டி கொண்டுபோன இடம் வந்தாச்சா?"

"இப்பதான் வருது அத்தான். முப்பத்தொண்ணாம் பத்தி."

பின்னால் ஏதோ மோட்டாரைச் சோதித்துக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது.

"மக்கா, அதுக்கு மேல போகாத. நான் வாறவரை அங்ஙயே நில்லு."

நின்றேன். சாயங்காலம் அவர் வந்து, கையிலிருந்த வார்னிஷ் போகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். வேகத்தைக் குறைத்துவிட்டு, முப்பத்தொன்றாம் பத்தியின் முதல் வரிக்கு விசையை அமுக்கினேன்.